இதயத்தை இடப்பக்கம் வைத்தது யார்? செல்களின் துடுப்புகள் சொல்லும் கதை

எக்ஸ்ரே அறையில் எப்போதாவது இப்படி ஒரு குழப்பம் நடக்கும். குழந்தையின் நெஞ்சுப் படம் வந்திருக்கும். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டிய இதயத்தின் நிழல், வலப்பக்கம் சாய்ந்திருக்கும். 'ஃபிலிமைத் திருப்பி வெச்சுட்டீங்களா?' என்று டெக்னீஷியனைக் கேட்பார். அவர் படத்தின் ஓரத்தில் இருக்கும் 'எல்' எழுத்தைக் காட்டி, 'இல்ல சார், சரியாத்தான் இருக்கு' என்பார்.

விவரம் தெரிந்த டாக்டராக இருந்தால், அடுத்து அம்மாவின் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்பார்: 'குழந்தைக்கு எப்பவும் சளி இருந்துக்கிட்டே இருக்குமா?'

அம்மா அசந்துபோவார். 'ஆமா டாக்டர், பொறந்ததுலேர்ந்தே!'

இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கும் மூக்கு ஒழுகுவதற்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் காத்திருந்தது. விடை இருந்த இடம், தலைமுடியின் அகலத்தில் சுமார் 300-ஐ வரிசையாக அடுக்கலாம் என்னும் அளவுக்கு மெல்லிய ஓர் இழைக்குள். அதன் பெயர் சிலியா.

*சூரிச் டாக்டரின் புதிர்*

1933-ம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மானெஸ் கார்ட்டகெனர் என்ற மருத்துவர், தன்னிடம் வந்த நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார். நால்வருக்கும் மூன்று பிரச்னைகள் சேர்ந்தே இருந்தன. ஒன்று, தீராத சைனஸ் தொல்லை. இரண்டு, நுரையீரலின் காற்றுக்குழாய்கள் விரிந்து, சளி தேங்கிச் சீழ் பிடிப்பது. மூன்று, உள்ளுறுப்புகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் மாறியிருப்பது. இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம்.

இதே சேர்க்கையை ஒரு நோயாளியிடம் 1904-லேயே சீவெர்ட் என்ற மருத்துவர் பதிவு செய்திருந்தார். ஆனால், இவை தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல, ஒரே நோயின் முகங்கள் என்று அழுத்திச் சொன்னவர் கார்ட்டகெனர். அதனால் அவர் பெயரே நோய்க்கு வந்தது. அந்த மூன்றையும் சேர்க்கும் கயிறு எது என்பது மட்டும் அவருக்கும் தெரியவில்லை.

அதைப் புரிந்துகொள்ள, முதலில் செல்கள் எப்படி நகர்கின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

*தண்ணீரே தேன் போல!*

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்தவர் ஆன்டனி வான் லீவென்ஹுக். தானே தேய்த்துச் செய்த லென்ஸ்களை வைத்துக்கொண்டு கண்ணில் பட்ட தண்ணீரையெல்லாம் உற்றுப் பார்ப்பது அவருடைய பழக்கம். 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில், தண்ணீரில் ஓடித் திரியும் நுண்ணுயிர்களையும், அவற்றின் உடலில் மிகச் சிறிய கால்கள்போல அசைந்தவற்றையும் விவரித்தார். அந்தக் 'கால்கள்'தான் சிலியாக்கள். அடுத்த ஆண்டே, வாலை ஆட்டி நீந்தும் விந்தணுவையும் பார்த்துவிட்டார். அந்த வால்தான் கசையிழை.

பள்ளிக்கூடத்தில் பாரமீசியம் படம் வரைந்தது நினைவிருக்கிறதா? செருப்பு வடிவ உடல், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு துடுப்பு. ஆயிரக்கணக்கான துடுப்புகளை அடித்துக்கொண்டு பாரமீசியம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்வரை போகும். அதன் உடல் நீளத்தோடு ஒப்பிட்டால் அது நல்ல வேகம்.

ஆனால், அந்த அளவில் நீந்துவது நாம் நீந்துவது மாதிரி இல்லை. நாம் ஒருமுறை கையை வீசி நிறுத்தினாலும் தண்ணீரில் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போவோம். நுண்ணுயிருக்கு அந்த வசதி கிடையாது. அதற்குத் தண்ணீரே கெட்டித் தேன்போல இருக்கும். நீந்திக்கொண்டிருக்கும் ஒரு பாக்டீரியா சட்டென்று நிறுத்தினால், ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேனுக்குள் ஒரு துடுப்பை முன்னால் தள்ளி, அதே பாதையில் பின்னால் இழுத்தால், போன தூரமெல்லாம் திரும்பி வந்துவிடும். மிச்சம் பூஜ்யம்தான். படகோட்டி என்ன செய்கிறார்? துடுப்பைத் தண்ணீருக்குள் அழுத்தி இழுக்கிறார். திரும்பக் கொண்டுவரும்போது தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறார். செல்லுக்கு மேலே தூக்க இடமில்லை. அதனால் சிலியா வேறு வழி பிடித்தது. போகும்போது விறைப்பாக நிமிர்ந்து தண்ணீரைத் தள்ளும். திரும்பும்போது வளைந்து, குனிந்து, செல்லின் மேற்பரப்பை ஒட்டித் தவழ்ந்து வரும். முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒரே மாதிரி இல்லாததால் கொஞ்சம் தூரம் மிஞ்சுகிறது. அதுதான் பயணம்.

கசையிழைக்கு இன்னொரு உத்தி. அது நீளமானது. அடியிலிருந்து நுனிவரை பாம்புபோல அலை ஓடவிட்டே செல்லை முன்னால் தள்ளிவிடும். சிலியாக்கள் குட்டையானவை, கூட்டமாக இருப்பவை. கசையிழை நீளமானது, பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இருக்கும். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் அவ்வளவுதான். உள்ளே இரண்டும் ஒன்றேதான்.

*ஒன்பதும் இரண்டும்*

ஒரு சிலியாவைக் குறுக்கே வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அழகான கோலம்போல ஒரு வடிவம் தெரியும். வட்டமாக ஒன்பது ஜோடிக் குழாய்கள், நடுவில் இரண்டு தனிக் குழாய்கள். இதை 'ஒன்பது கூட்டல் இரண்டு' அமைப்பு என்பார்கள். பாரமீசியத்தின் சிலியாவிலும், மனிதனின் மூச்சுக்குழாய் சிலியாவிலும், விந்தணுவின் வாலிலும் இதே கோலம்தான்.

1959-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பியோர்ன் அஃப்செலியஸ், கடல் முள்ளெலி என்ற கடல்வாழ் உயிரின் விந்தணு வாலை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு ஜோடிக் குழாயிலிருந்தும் பக்கத்து ஜோடியை நோக்கிக் குட்டிக் கைகள் நீண்டிருந்தன. அந்தக் கைகள் எந்தப் புரதத்தால் ஆனவை என்பதை இயன் கிப்பன்ஸ் என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்துக் கண்டறிந்தார். 1965-ல் அதற்கு 'டைனின்' என்று பெயர் வைத்தார். விசையை அளக்கும் அலகான 'டைன்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்.

பொருத்தமான பெயர்தான். இந்த டைனின் கைகள்தான் என்ஜின். செல்லின் எரிபொருளான ஏடிபி-யை உடைத்து, அந்தச் சக்தியில் பக்கத்துக் குழாயைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். குழாய்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நழுவப் பார்க்கும். ஆனால், அவை அடியில் கட்டிப் போடப்பட்டிருப்பதால் முழுதாக நழுவ முடியாது. அதனால் இழையே வளைகிறது. ஒரு பக்கக் கைகள் இழுத்தால் இந்தப் பக்கம் வளைவு, எதிர்ப்பக்கக் கைகள் இழுத்தால் அந்தப் பக்கம் வளைவு. நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் இது நடக்கிறது.

பாக்டீரியாவின் வாலுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஆனால், அது முற்றிலும் வேறு கருவி. 1973-ல் ஹோவர்ட் பெர்க், ராபர்ட் ஆண்டர்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், பாக்டீரியாவின் வால் வளைந்து ஆடவில்லை, திருகாணிபோல முழுவட்டமாகச் சுழல்கிறது என்று எடுத்துச் சொன்னார்கள். அடியில் நிஜமாகவே ஒரு மோட்டார் இருக்கிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் அது நொடிக்கு 100 சுற்றுகளுக்கு மேல் சுழலும். நம் உடலின் செல்களில் அந்த மோட்டார் கிடையாது. நமக்கு வாய்த்தது டைனின் கைகள் மட்டுமே.

*மூச்சுக்குழாயில் ஒரு நெல்வயல்*

பாரமீசியத்தில் சிலியா அடித்தால் செல் நகர்கிறது. நம் மூச்சுக்குழாயில் செல் நகர முடியாது, சுவர்போல வரிசையாகப் பதிந்திருக்கிறது. அப்போது என்ன ஆகும்? செல்லுக்கு மேலே இருக்கும் திரவம் நகரும்.

ஒருநாளைக்கு நாம் சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். அதோடு தூசி, புகை, மகரந்தம், கிருமிகள் எல்லாம் வருகின்றன. மூச்சுக்குழாயின் உள்சுவரில் பசைபோலப் படிந்திருக்கும் சளி, அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. சளி என்றதும் முகம் சுளிக்கிறோம். உண்மையில் அது நுரையீரலின் காவல்காரர். ஆனால், பிடித்ததை வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டாமா? அந்த வேலை சிலியாக்களுடையது.

அங்குள்ள ஒவ்வொரு சிலியா செல்லிலும் சுமார் 200 சிலியாக்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை. பக்கத்திலுள்ளது அடித்த அடுத்த நொடித்துளியில் இது அடிக்கும், பிறகு அதற்கடுத்தது. காற்று வீசும்போது நெல்வயலில் ஓடும் அலை மாதிரி இருக்கும். அந்த அலையின் மேல் சளிப்படலம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மிச்சத்தை வயிற்றின் அமிலம் பார்த்துக்கொள்கிறது. நாம் தூங்கும்போதும் இந்த எஸ்கலேட்டர் நிற்பதில்லை.

சிகரெட் புகை இந்தத் துடுப்புகளை மந்தமாக்கும், குட்டையாக்கும். சளி தேங்கும். துடுப்பு வேலை செய்யாதபோது சளியை வெளியேற்ற உடலுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, இருமல். புகைபிடிப்பவர்கள் காலையில் எழுந்ததும் பாத்ரூமில் நின்று இருமி இருமிக் களைத்துப்போவது இதனால்தான். அவர்கள் துடுப்புகளைத் தாங்களே கெடுத்துக்கொண்டவர்கள். பிறக்கும்போதே துடுப்பு வேலை செய்யாத குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

*அசையாத வால் திறந்த கதவு*

மீண்டும் அஃப்செலியஸ். டைனின் கைகளை முதலில் பார்த்த அதே மனிதர்தான். 1970-களில் குழந்தையில்லாத சில ஆண்களின் விந்தணுக்கள் ஆராய்ச்சிக்கு வந்தன. விந்தணுக்கள் உயிரோடு இருந்தன, ஆனால் துளிகூட நீந்தவில்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்பது ஜோடிக் குழாய்கள் இருந்தன. அவற்றிலிருந்து நீள வேண்டிய டைனின் கைகளைக் காணோம்! என்ஜின் இல்லாத படகு.

விசாரித்தால் சிறுவயதிலிருந்தே அவர்களுக்குச் சளி, சைனஸ் தொல்லை. சிலருக்கு இதயம் வலப்பக்கம். கார்ட்டகெனர் விட்டுப்போன புதிர் அப்படியே கண்முன் நின்றது. மூச்சுக்குழாயின் சிலியாவும் விந்தணுவின் வாலும் ஒரே கருவி. ஒன்றில் கைகள் இல்லையென்றால் மற்றதிலும் இல்லை. 1976-ல் 'சயின்ஸ்' இதழில் அஃப்செலியஸ் இதை வெளியிட்டார். சளிக்கும் சைனஸுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

இதயம்? அதற்கும் அவர் ஓர் ஊகத்தை எழுதினார். கரு உருவாகும்போது எங்கோ சில சிலியாக்கள் அசைந்து, எது இடம், எது வலம் என்று தீர்மானிக்கின்றன. அவை அசையாவிட்டால், முடிவு பூவா தலையா கணக்காகிவிடுகிறது.

அந்த நேரத்தில் துணிச்சலான ஊகம் அது. நிரூபணம் வர 22 ஆண்டுகள் ஆயின. 1998-ல் ஜப்பானில் நொபுடாகா ஹிரோகாவா குழுவினர் எலிக் கருவை ஆராய்ந்தார்கள். இடம், வலம் பிரியாத ஆரம்பக் கட்டத்தில், கருவின் நடுவில் 'நோடு' எனப்படும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதன் செல்கள் ஒவ்வொன்றிலும் ஒற்றைச் சிலியா. இவற்றில் நடு ஜோடிக் குழாய்கள் இல்லை. அதனால் முன்னும் பின்னும் அடிக்காமல், பம்பரத்தின் தலைபோலச் சுழல்கின்றன. சற்றுச் சாய்ந்து சுழல்வதால் பள்ளத்தில் உள்ள திரவம் ஒரே திசையில், இடப்பக்கம் நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் போய்ச் சேரும் பக்கம்தான் 'இடம்' என்று கரு புரிந்துகொள்கிறது. இதயம் அதற்கேற்ப வளைகிறது. இந்தச் சிலியாக்கள் உருவாகாத எலிகளில் உறுப்புகளின் திசை குழம்பிப்போனது.

2002-ல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். எலிக் கருக்களின் மேல் செயற்கையாக எதிர்த்திசையில் திரவத்தை ஓடவிட்டார்கள். இதயமும் எதிர்த்திசையில் வளைந்தது!

ஆக, டைனின் கைகள் இல்லாத கருவில் அந்த ஓட்டமே இருக்காது. இதயம் இடப்பக்கமும் போகலாம், வலப்பக்கமும் போகலாம். அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு மட்டுமே உறுப்புகள் இடம் மாறியிருக்கின்றன. மீதிப் பாதிக்கு இதயம் வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது. ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*'சளி உடம்பு' என்று விட்டுவிட வேண்டாம்*

இதயம் வலப்பக்கம் இருந்தால் ஒரு எக்ஸ்ரேயில் காட்டிக்கொடுத்துவிடும். இடப்பக்கம் இருந்தால்? அந்தக் குழந்தை 'சளி உடம்பு' என்ற பட்டத்தோடு வளரும். ஒரு டாக்டர் வீசிங் என்பார், இன்னொருவர் அலர்ஜி என்பார், இன்னொரு இடத்தில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று மாதக்கணக்கில் மருந்து ஓடும். வீட்டிலோ, 'தலையைச் சரியாத் துவட்டல', 'ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துட்டே' என்று பழி முழுக்க அம்மாவின் தலையில் விழும். அதற்குள் நுரையீரலில் தேங்கிய சளி, காற்றுக்குழாய்களை நிரந்தரமாகச் சேதப்படுத்தத் தொடங்கியிருக்கும்.

இந்த நோய்க்கு இன்றைய மருத்துவப் பெயர் பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா. சுருக்கமாக பிசிடி. உலக அளவில் 10,000 முதல் 20,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அபூர்வம்தான். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது இருக்காது. பயப்பட வேண்டியதில்லை. ஆனால், கீழே உள்ளவற்றில் பல ஒன்றாகச் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

* மாதம் நிறைந்து பிறந்தும், பிறந்தவுடன் காரணம் புரியாத மூச்சுத்திணறல் வந்து ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது.

* பிறந்த சில வாரங்களிலிருந்தே வருடம் முழுக்க, வெயில் காலத்தில்கூட மூக்கடைப்பு அல்லது மூக்கொழுகல்.

* வறட்டு இருமலாக இல்லாமல் சளியோடு கூடிய இருமல், இடைவெளியே இல்லாமல் தொடர்வது.

* காதுக்குள் திரவம் தேங்கி அடிக்கடி தொற்று, காது மந்தம்.

* இதயமோ மற்ற உறுப்புகளோ இடம் மாறியிருப்பது.

சாதாரணச் சளிக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு, இடைவெளி. சாதாரணச் சளி வரும், போகும், நடுவில் குழந்தை தெளிவாக இருக்கும். பிசிடி-யில் அந்தத் தெளிந்த நாட்கள் இருக்காது. எந்தக் குழந்தைக்கும் சளியோடு கூடிய இருமல் நான்கு வாரங்களைத் தாண்டினால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒரே டெஸ்டில் இந்த நோயைச் சொல்லிவிட முடியாது. மூக்கிலிருந்து வரும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அளப்பார்கள். பிசிடி இருந்தால் அது மிகக் குறைவாக இருக்கும். மூக்கின் உள்ளிருந்து மெல்லிய பிரஷ்ஷால் செல்களை எடுத்து, சிலியா எப்படி அடிக்கிறது என்று அதிவேக கேமராவில் பார்ப்பார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் மரபணுப் பரிசோதனையும் உண்டு. இதற்குக் காரணமான முதல் மரபணு 1999-ல் கண்டறியப்பட்டது. இப்போது அந்தப் பட்டியல் 50-ஐத் தாண்டிவிட்டது.

பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணு வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களில் ஒரே பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம்.

துடுப்புகளைச் சரிசெய்யும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால், துடுப்பின் வேலையை வேறு வழியில் செய்யலாம். தினமும் மூச்சுப் பயிற்சி, நெஞ்சு பிசியோதெரபி, ஓட்டம், விளையாட்டு எல்லாம் சளியை அசைத்து வெளியே கொண்டுவரும். தொற்று வந்தால் தாமதிக்காமல் ஆன்டிபயாடிக், உரிய தடுப்பூசிகள், வீட்டில் யாரும் புகைபிடிக்காமல் இருப்பது, காது கேட்கும் திறனை அவ்வப்போது சோதிப்பது. இருமலை அடக்கும் சிரப் மட்டும் இந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம். அந்த இருமல்தான் அவர்களுக்கு மிச்சமிருக்கும் துடைப்பம். சீக்கிரம் கண்டுபிடித்தால் நுரையீரல் சேதத்தைப் பெருமளவு தள்ளிப்போடலாம். வளர்ந்த பிறகு, விந்தணு நீந்தாத ஆண்களுக்கும் இக்ஸி முறையில் தந்தையாகும் வாய்ப்பு இருக்கிறது. பெண்களில் கருமுட்டையைக் கருப்பைக்கு நகர்த்துவதிலும் சிலியாக்களுக்குப் பங்குண்டு. அதனால் சிலருக்குக் கருத்தரிக்கத் தாமதமாகலாம்.

இன்னொன்று. இதயம் வலப்பக்கம் இருக்கும் எல்லோருக்கும் பிசிடி இருப்பதில்லை. எல்லா உறுப்புகளும் ஒழுங்காக இடம் மாறி, எந்தத் தொல்லையும் இல்லாமல் முழு ஆயுளும் வாழ்பவர்கள் உண்டு. ஆனால், அவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் குடல்வால் வலி இடப்பக்கம் வரலாம்!

எக்ஸ்ரே அறைக்குத் திரும்புவோம். 'பொறந்ததுலேர்ந்தே சளி' என்ற அம்மாவின் பதிலைக் கேட்டதும் டாக்டர் மருந்துச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு டெஸ்டுக்கு எழுதித் தருவார். இத்தனை வருடங்களாகத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று நினைத்திருந்த அந்த அம்மாவுக்கு முதன்முறையாக ஒரு பதில் கிடைக்கும். குற்றம் ஈரத் தலையிலும் இல்லை, ஐஸ்கிரீமிலும் இல்லை. குழந்தை வயிற்றில் உருவான முதல் சில வாரங்களிலேயே, அசைய வேண்டிய துடுப்புகள் அசையவில்லை. அவ்வளவுதான்.